அம்மா கேட்ட கருவி



சமையற்கலைப் பள்ளியில் சேர்ந்தபோது, சாப்பாட்டுக் கடைக்காரி மகனுக்கு இங்கே கற்க என்ன இருக்கிறது என்று எண்ணினேன். காரட்டை 3 மில்லிமீட்டர் கனத்தில் சீராக நறுக்க முடியாதபோதே அந்தக் கர்வம் அடங்கியது.

பின்னர் உணவுப் பாதுகாப்புப் பாடம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும். ஆறிய சோற்றில் அவை விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்றார் ஆசிரியர். எனக்குத் திக்கென்றது. எங்கள் கடையில் காலையில் வடித்த சோறு மாலைவரை அப்படியே இருக்கும்.

வீட்டில் சொன்னேன். "இருபது வருஷமா சமைக்கிறேன், எனக்கே பாடமா?" என்றார் அம்மா. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தச் சூடு பார்க்கிற கருவி எங்கடா கிடைக்கும்?" என்றார்.

நான் பெற்ற முதல் தேர்ச்சி அதுவே.