இரு கரையிலும் ஒரே கொடி
(ஜெராம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாட்டன்மார் கப்பலேறிய கதையில் கங்காணி வருகிறார், துரை வருகிறார். சட்டம் மட்டும் வருவதில்லை. இன்று அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிரெஞ்சுக்காரரின் ரியூனியன் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் போனார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து அவர்களைக் கொண்டுபோக, பிரான்ஸ் 1861இல் பிரிட்டனோடு உடன்படிக்கை செய்ய வேண்டியிருந்தது. ஒப்பந்தம் 5 வருஷத்துக்கு மேல் கூடாது. வாரத்தில் 6 நாள், நாளுக்கு ஒன்பதரை மணி வேலை. புருஷன் பெண்சாதியைப் பிரிக்கக் கூடாது. காலம் முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் செலவு பிரெஞ்சு சர்க்காருடையது. எழுதியபடியா நடந்தது? இல்லை. ஆனால் அநியாயம் முற்றியபோது, 1882இல் இந்திய சர்க்கார் அங்கே ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. கேள்வி கேட்க ஒரு கையெழுத்து இருந்தது.

மலாயாவுக்கு வந்த நமக்கோ அப்படி ஒரு கையெழுத்து இல்லை. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. இரு கரையிலும் ஒரே கொடி. யார் யாரோடு உடன்படிக்கை செய்வது? 1874இல் சிலாங்கூருக்கும் ரெசிடெண்ட் வந்தார். அந்த வருஷத்துப் பங்கோர் உடன்படிக்கை பேராக்கில் யார் சுல்தான், வரியை யார் வசூலிப்பது என்று பேசியது. கூலியாளைப் பற்றி அதற்கென்ன கவலை!

ஆக, நமக்குக் கிடைத்தவை சட்டங்களே. சஞ்சிக்கூலி தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. அந்த முறை 1910இல் ஒழிந்தது. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். அதிலிருந்து டிக்கெட் இலவசமாயிற்று. வரும் வழி இப்படி அகலமாகத் திறந்திருந்தது. இருக்கும் உரிமையைப் பற்றி மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. 1938இல் கூலியைக் குறைத்தபோது, ஜூன் 15ஆம் தேதி இந்திய சர்க்கார் உதவிபெற்று வரும் கூலியாட்களின் பயணத்துக்குத் தடை போட்டது. நம் பக்கம் நின்று கதவைச் சாத்திய நாள் அது.

அந்தக் குறையின் பலன் பின்னால் தெரிந்தது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜை அல்லாதார் வேலை செய்யப் பர்மிட் வேண்டுமென்றது. இங்கேயே பால் வெட்டி வயதான பலர், பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாததால் மூட்டை கட்டினார்கள். சிவப்பு அடையாளக் கார்டோடு காத்திருக்கும் முதியோர் இன்றும் இருக்கிறார்கள்.

கிராணி நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டம் கைமாறும்போது பழைய செக்ரோல் புத்தகங்களைக் கொளுத்தச் சொன்னால், கொளுத்தும் முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். இந்த அம்மாள் எந்த வருஷம் இங்கே பெரட்டில் நின்றாள் என்பதற்கு வேறு சாட்சி இல்லாமல் போகலாம்.