வெளியேறிய பின் வரும் நாட்கள்



ஆண்டுதோறும் இந்த நாளில் நாம் கூடுவது மாலை போட்டுவிட்டுக் கலைவதற்காக அல்ல. மறைந்த தோழரின் பெயரால், நமக்குள் பேசியாக வேண்டிய ஒன்றைப் பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பொருள் நமக்கே கொஞ்சம் கூச்சம் தருவது. எதிர்பாராத மாற்றம் ஒன்று வாழ்க்கையைப் புரட்டிப்போடும்போது, அதற்குள் எழுத்துக்கும் பாட்டுக்கும் சிரிப்புக்கும் இடம் உண்டா என்பதே அது.

கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. எது நடந்தாலும் நன்மைக்கே, மாற்றத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள் என்று சொல்லும் புத்தகங்கள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. நம் சேரிகளுக்கு மாற்றம் அப்படி வரவில்லை. குடிசை எரிந்து வந்தது. கூலி உயர்வு கேட்டதற்காக வேலை மறுக்கப்பட்டு வந்தது. சென்னையின் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்துக் கொண்டுபோய்விட்ட நாளில் வந்தது. இவர்களிடம் போய் 'ஏற்றுக்கொள்' என்று சொல்வது பழைய தலைவிதிப் பேச்சுதான். சட்டை மட்டும் புதிது.

2016 ஜனவரியில் நாம் இழந்த ரோகித் வெமுலா, அறிவியல் எழுத்தாளராகக் கனவு கண்டவர். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, நண்பர்களோடு வெட்டவெளியில் படுத்திருந்த அந்த மாணவரிடம், இந்த மாற்றம் உன் எழுத்துக்கு வழிவிடும் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அநீதியை வாய்ப்பு என்று நாம் அழைக்கப்போவதில்லை.

அப்படியானால் பேச என்ன இருக்கிறது? உடைந்த இடத்திலிருந்து நம்மவர்கள் எழுந்து செய்த காரியங்கள் இருக்கின்றன. அவை எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும்.

எழுத்தாளர் பாமாவின் வாழ்க்கை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு, அதிலும் நம் பிள்ளைகளுக்கு, உழைக்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. உள்ளே போன பிறகு சாதி அங்கேயும் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1992இல், வெளியே வந்தார். வேலை இல்லை. மடத்துக்குள் பழகிப்போனவருக்கு வெளியுலகம் அந்நியமாகியிருந்தது. அந்த நாட்களில் எந்த மகிழ்ச்சியும் இல்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை.

அப்போது ஒரு நண்பர், சிறுவயது நினைவுகளை எழுதிப் பாருங்கள் என்றார். நூலாக்கும் எண்ணம் இல்லாமல், தன் காயத்தை ஆற்றிக்கொள்ள எழுதினார். அதே ஆண்டு 'கருக்கு' வெளிவந்தது. விறகு பொறுக்கப் போன கைகளைக் கீறிய பனங்கருக்கு, இருபுறமும் வெட்டும் வாளாக இலக்கியத்துக்குள் வந்தது. இது என்ன மொழி என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பி, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பின்னர் படித்த இளைஞர்கள் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல, அந்தக் கோபம் தணிந்தது.

அடுத்து வந்ததைக் கவனியுங்கள். 1994இல் 'சங்கதி', 1996இல் 'கிசும்புக்காரன்'. தலைப்பிலேயே கிசும்பு இருக்கிறது. களையெடுக்கிற பெண்களின் கேலி, வசவு, குலவை, ஆண்டையை மடக்கும் குறும்பு எல்லாம் அந்த எழுத்தில் நிறைந்தன. வெளியேறிய ஆண்டின் வெறுமையிலிருந்து அவர் சிரிப்புக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சிரிப்பு நம் தெருவில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கேட்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. எழுது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். இந்த இரண்டையும் நாம் மறக்கக் கூடாது.

பறையின் கதையும் இப்படித்தான். ஆதிக்கச் சாதியினர் வீட்டு இழவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று நம் பெரியவர்கள் பல ஊர்களில் மறுத்தார்கள். அதனால் வந்த படி நெல் போனது. அடியும் விழுந்தது. இழிவின் அடையாளம் எதற்கு என்று பறையையே கைவிட்டவர்கள் உண்டு. அது தவறில்லை. பிறகு, தொண்ணூறுகளின் தலித் கலை விழாக்களில் அதே பறை மேடையேறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் அதைத் தோளில் மாட்டி ஆடினார்கள். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறவில்லை. எங்கே, யாருக்காக அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்தார். அதுதான் மாறியது. மறுப்பு முதலில் வந்தது. ஆட்டம் அதற்குப் பின்னால் வந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1935இல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். நாக்பூரில் புத்த தம்மத்தைத் தழுவியது 1956 அக்டோபர் 14இல். இடையில் 21 ஆண்டுகள். வெளியேறுவதற்கும் போய்ச் சேர்வதற்கும் நடுவில் அத்தனை காலம் ஆகலாம். அந்த மனிதர்தான், தலைக்கு மேல் வேலை இருந்த தம் பிற்காலத்தில், வயலின் கற்றுக்கொண்டவர். விடுதலை கிடைத்த பிறகு இசை கேட்டுக்கொள்ளலாம் என்று அவர் ஒத்திவைக்கவில்லை.

நாம் ஒத்திவைக்கிறோம். இங்கேதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தோழர் அமைப்பைவிட்டு விலகினால் அவர் ஓடிவிட்டதாகப் பேசுகிறோம். உதவித்தொகை நின்று ஆய்வைப் பாதியில் விட்ட மாணவியைப் பார்த்து, அடுத்து என்ன என்று முதல் கேள்வியாகக் கேட்கிறோம். வேலை போனவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினால் இரண்டு மாதம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. ஒருவர் கவிதை எழுதினால் களத்தில் ஆள் குறைந்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறோம். பாமா வெளியே வந்த நாளில் நம்மைப் போன்றவர்கள் மட்டுமே சுற்றி இருந்திருந்தால், 'கருக்கு' வந்திருக்குமா?

ஆகவே இந்த நினைவு நாளில் நாம் எடுக்க வேண்டிய உறுதி சிறியது, ஆனால் செய்யக்கூடியது. வழி மாறி நிற்கும் தோழர் ஒருவரை இந்த வாரமே தேடிப் போவோம். அறிவுரை வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்போம். வாடகை பாக்கி இருந்தால் சேர்ந்து திரட்டுவோம். பசியோடு யாரும் எழுத முடியாது. வழக்கோ முறையீடோ தேவைப்பட்டால் அதை நாம் சுமப்போம். நடந்ததைச் சொல்லச் சொல்லி உட்கார்ந்து கேட்போம். எழுத வருகிறவருக்கு ஒரு நோட்டும், படித்துக் காட்ட நான்கு பேரும் போதும். எழுத வராதவர் பாடட்டும், பறை பழகட்டும், ஊர்க்கதை பேசிச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பையும் இயக்க வேலையாகவே எண்ணுவோம்.

மாற்றம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வந்த வீட்டுக்கு நாம் போகலாம். அது நம் கையில் இருக்கிறது.