அளக்காத மண்ணுக்குக் கணக்கா?

(ஒட்டன்சத்திரத்தில் நடைபெற்ற விவசாயிகள் ஆர்ப்பாட்டத்தில் நமது சங்க நிர்வாகி பேசியதன் எழுத்து வடிவம்)



தக்காளி விலை, மக்காச்சோள விலை பத்தி எனக்கு முன்னாடி பேசினவங்க பேசிட்டாங்க. நான் மண்ணைப் பத்தி மட்டும் பேசுறேன். இதெல்லாம் ஒரு பிரச்சினையான்னு சிலர் நினைக்கலாம். நாளைக்கு நம்ம கையெழுத்து மாட்டப் போற விஷயம், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

மண்வள அட்டை நம்மில் பலர் வீட்டுப் பரண்ல கிடக்கும். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கின திட்டம். அதுல 12 அளவுகள் இருக்கு. யூரியா எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவுன்னு பார்த்துட்டு மடிச்சு வச்சிடுறோம். 'அங்ககக் கரிமம்'னு ஒரு வரி இருக்கே, அதுதான் இன்னைக்குப் பேச்சு. 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தா குறைவு, 0.75-க்கு மேலே போனா அதிகம். எருவும் வேரும் தட்டையும் மக்கி மண்ணோடு மண்ணா நிக்கிறதுதான் கரிமம். அது இருந்தாத்தான் நம்ம செம்மண்ணுல ஈரம் தங்கும், போட்ட உரம் பயிருக்குச் சேரும்.

நான் வருஷா வருஷம் ஆட்டுக்கிடை போடுறவன். பக்கத்துத் தோட்டத்தில் பத்து வருஷமா ஒரு கூடை குப்பை விழுந்ததில்லை. அட்டையில ரெண்டு பேருக்கும் ஒரே எண்! எப்படி வந்தது? பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்கு ஒரு மண் மாதிரி. மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒன்று. அந்தத் திட்டம் தொடங்கும்போதே போட்ட விதி இது. ஒன்றரை ஏக்கர்காரன் மண்ணை யாரு தொட்டா?

உரம் போடத் தோராயம் போதும்னு அன்னைக்கு விட்டோம். இப்போ விட முடியாது. 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை மத்திய அரசு அறிவிச்சது. 2024 ஜனவரியில், விவசாயிகளைத் தன்னார்வக் கார்பன் சந்தையில் சேர்க்க வேளாண் அமைச்சகம் வழிமுறை வெளியிட்டது. புகை விடுற கம்பெனி, அதுக்கு ஈடா நம்ம நிலத்தில் சேர்ந்த கரிமத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கலாம். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு கிரெடிட்.

வருஷா வருஷம் எல்லா வயலையும் தோண்டிப் பார்த்தா செலவு அதிகம். அதனால கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறாங்க. இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843-ல் இருந்து ஒரே வயல்ல எரு போட்டும் போடாமலும் பார்த்து வர்றாங்க. அந்தப் பண்ணையின் நீண்டகாலச் சோதனைகளை வச்சு உண்டான கணக்குக்கு 'ராத்-சி'ன்னு பேரு. மழை, வெயில், மண்ணுல உள்ள களி, உள்ளே போன தட்டை, எரு இதையெல்லாம் கொடுத்தா, கரிமம் எவ்வளவு தங்கும், எவ்வளவு காத்தோட போகும்னு சொல்லும். அது பொய்க் கணக்குன்னு நான் சொல்லலை. நம்ம கோயம்புத்தூர்லயே 1909-ல் இருந்து நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கு; எரு சேர்த்த பாத்தியில் கரிமம் கூடியிருக்கிறதை அங்கே கண்ணாலயே பார்க்கலாம். ஆனா தொடக்க அளவு தப்புன்னா முழுக் கணக்கும் தப்பு.

எவ்வளவு தப்பு? ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் சுமார் 900 டன் எடை. அதில் 0.1 சதவீதம் 900 கிலோ கரிமம். கார்பன் டை ஆக்சைடா மாத்தினா மூணு டன்னுக்கு மேலே. அட்டையில ஒரு புள்ளி கூட்டி எழுதினா ஏக்கருக்கு மூணு கிரெடிட் போச்சு!

இன்னொண்ணு. அட்டைக்கு எடுக்கிற மண் 15, 20 சென்டிமீட்டர் ஆழம். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2017-ல் வெளியிட்ட கரிம வரைபடமோ 30 சென்டிமீட்டருக்குப் போட்டது. நம்ம மேட்டுக்காட்டுல கால்வாசி சரளைக்கல். சலிச்ச மண்ணைச் சோதிச்சுட்டு, கல்லையும் சேர்த்து எடை போட்டா இல்லாத கரிமம் இருக்கிற மாதிரி காட்டும். அப்புறம் "கூடவே இல்லையே"ன்னு கையை விரிப்பாங்க. காலங்காலமா எரு போட்டவனுக்கு ஏற்கனவே அளவு அதிகம். அவனுக்கு இனி என்ன கூடும்? அவனுக்கு ஒண்ணும் இல்லையா?

நாம கேட்கிறது இதுதான். சர்வே எண் வாரியா, நம்ம கண் முன்னாடி, 30 சென்டிமீட்டர் வரை மண் எடுக்கணும். கல்லைக் கழிச்சு எடை போடணும். அந்த எண்ணிக்கை நம்ம கைக்கு வரணும். ஒப்பந்தம் தமிழில் இருக்கணும், கிராம சபையில் வாசிக்கணும், நம்ம பங்கு எவ்வளவுன்னு எழுத்தில் இருக்கணும். ஏற்கனவே மண்ணைக் காப்பாத்தினவங்களுக்கும் பங்கு வேணும்.

அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் சிட்டா நகலைக் கொடுக்காதீங்க, கைநாட்டு வைக்காதீங்க. மண்வள அட்டையைப் பரண்ல இருந்து எடுத்துட்டு வாங்க. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரே எண் இருக்கிற அட்டைகளைச் சேர்த்து நகல் எடுத்து, மனுவோடு கலெக்டர்கிட்ட நேரில் கொடுக்கப் போறோம்.