சுண்ணக் குகைக்கு ஒரு நடை

வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும், பொங்கலுக்கு முன் சுவருக்கு அடிக்கும் வெள்ளையும், அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் ஆலையில் அரைபட்டுச் சிமெண்டாகும் கல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சுண்ணாம்பு நமக்கு அவ்வளவு பழகிய பொருள். ஆயினும் அந்தக் கல் ஆலைக்குப் போகாமல், மழையோடும் காட்டோடும் தனித்து விடப்பட்டால் என்ன வடிவம் கொள்ளும் என்பதைக் கண்டவர் நம்மில் சிலரே. விசாகப்பட்டினத்தில் வாழும் தமிழன்பர்கள் போரா குகைகளுக்குச் சென்றிருக்கலாம். ராயலசீமையில் உத்தியோகம் பார்ப்பவர்கள் பேலும் குகைகளைக் கண்டிருக்கலாம். மேகாலயத்தில் இருப்பவர்களுக்குச் சிரபுஞ்சிப் பக்கத்துக் குகைகள் தெரிந்திருக்கும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அவற்றைக் காட்டிலும் சிறியது. வங்கக் கடலின் நடுவே, அந்தமானில், ரங்கத் வட்டத்தைச் சேர்ந்த பாராடாங் தீவில் இருப்பது. அதற்குப் போகும் வழியே அதன் பாதிச் சிறப்பு. அதன் பாதிச் சங்கடமும் அந்த வழிதான்.

ரங்கத் என்பது மத்திய அந்தமானின் கடைவீதி ஊர். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற தலைநகரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 170 கிலோமீட்டர். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களுக்கு 1950-களில் இங்கே காடு திருத்தி நிலம் கொடுத்தார்கள். காடு வெட்டச் சோட்டா நாகபுரியிலிருந்து வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். பிழைப்பைத் தேடித் தமிழரும் வந்தார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர் அளவில் உள்ளனர். ஆகவே ரங்கத் கடைவீதியில் வங்காளத்துக்கும் இந்திக்கும் இடையே திடீரென்று தமிழ் காதில் விழுந்தால் வியப்படைய வேண்டாம். சுற்றிலுமுள்ள கிராமங்களின் பெயர்கள்தாம் வியப்பூட்டுவன: பஞ்சவடி, பர்ணசாலை, சபரி, தசரதபுரம், ஊர்மிளாபுரம். குடியேறியோருக்கு நிலம் அளந்த அதிகாரி யாரோ இராமாயணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அளந்தார் போலும்!

நடப்பதற்கென்றே வந்தவர்களுக்கு ரங்கத்தில் குறைவில்லை. தானிநல்லா என்னுமிடத்தில் அலையாத்திக் காட்டின் ஊடே, சேற்றுக்கு மேலே, ஏறக்குறைய 700 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். பிச்சாவரத்தைப் படகிலிருந்து பார்த்தவர்கள் இங்கே அதே வகைக் காட்டை நடந்து பார்க்கலாம். பாதை முடியுமிடம் கடல் ஆமைகள் முட்டையிடும் மணற்கரை. எரட்டாவில் படகேறி லாங் ஐலண்டுக்குச் சென்றால், அத்தீவின் காட்டைக் கடந்து லாலாஜி விரிகுடாவுக்கு இரண்டு மணி நேர நடை. இவையெல்லாம் இனிய நடைகளே. ஆனால் சுண்ணாம்புக் கல்லைத் தேடுபவர் தெற்கே பாராடாங்குக்கு வரவேண்டும்.

இங்கேதான் ஒரு சொல் குறுக்கிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்குக் கோப்புகளில் அடிக்கடி வந்து நிற்கும் சொல் ‘ரிசர்வ்’ என்பது. இரயிலில் இடத்துக்கும் அதுதான், வங்கியின் பெயரிலும் அதுதான், காட்டுக்கும் அதுதான். தமிழில் இதற்கு இரண்டு வழி உண்டு. ‘ஒதுக்கியது’ என்று சொல்லலாம். ‘காத்து வைத்தது’ என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றல்ல. எவருக்காக ஒதுக்கினோம், எவரிடமிருந்து காக்கிறோம் என்ற வினாக்களுக்கு விடை தெரிந்த பின்னரே எந்தச் சொல்லை இடுவதென்று தீர்மானிக்க முடியும்.

ஜாரவா என்னும் தொல்குடி மக்களுக்கென 1957-இல் தெற்கு, மத்திய அந்தமான்களின் மேற்குக் காட்டுப் பகுதி காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 380. 1970-களில் போடப்பட்ட அந்தமான் பெருஞ்சாலை இக்காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. 1990-களின் இறுதியில்தான் அம்மக்கள் பகை நீங்கி வெளியாரை அணுகத் தொடங்கினர்; 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002-இல் உச்சநீதிமன்றம், காப்பகத்தினூடே செல்லும் சாலைப் பகுதிகளை மூடும்படி உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. வண்டிகளைக் குறித்த நேரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் காவலருடன் அனுப்புகிறார்கள். இதைக் கான்வாய் என்பார்கள். வண்டியை நிறுத்தலாகாது, கண்ணாடியை இறக்கிப் பண்டம் எறியலாகாது, படம் எடுக்கலாகாது என்று விதிகள் உண்டு. விதிகள் எழுதப்பட்ட பலகையைக் கடந்தவுடனேயே கழுத்தை நீட்டி, “எங்கே, எங்கே?” என்று காட்டுக்குள் துழாவுகிற பிரயாணிகளை நாங்கள் கண்டோம். அவர்கள் குகை பார்க்கப் புறப்பட்டவர்கள். வழியில் மனிதரைக் காட்சிப் பொருளாக்கிவிடுகிறார்கள். 2013-இல் சில வாரங்கள் உச்சநீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் குகைக்குச் சுற்றுலாவினர் செல்வதே நின்றிருந்தது.

இதனால் குகைக்குப் போகவே கூடாது என்று நாங்கள் சொல்லமாட்டோம். பாராடாங்கில் படகோட்டியும், வழிகாட்டியும், கடை வைத்தும் வயிறு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் தலைநகரிலிருந்து ரங்கத்துக்குக் கப்பலும் உண்டு. கப்பலில் வந்து, ரங்கத்தில் சில நாள் தங்கி, அங்குள்ள பாதைகளில் நிதானமாக நடந்து, பிறகு பாராடாங்குக்கு ஒரு நாளை ஒதுக்குவதே நல்ல முறை என்பது எங்கள் கருத்து. ரங்கத்திலிருந்து தெற்கே வரும் சாலையும் ஓரளவு காப்பகத்தை ஒட்டியதுதான்; ஆயினும் விடியுமுன் ஓடிவந்து மாலைக்குள் ஓடிப்போகும் கூட்டத்தில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை.

பாராடாங்கில் நீலம்பூர்ப் படகுத்துறையில் வன இலாகாவின் அனுமதிச் சீட்டுப் பெற்று, விசைப்படகில் ஏறினால் முதலில் அகன்ற கடற்கால். பிறகு படகு ஒரு குறுகிய கழிக்குள் திரும்புகிறது. இருமருங்கும் கண்டல் மரங்கள் வேர்களைக் கால்களைப்போல் ஊன்றி நிற்கின்றன. கிளைகள் தலைக்கு மேலே கூடிப் பந்தலிட, படகோட்டி விசையைக் குறைத்து ஓசையின்றிச் செலுத்துகிறார். நீரில் கை வைக்காதீர்கள் என்பார். உப்புநீர் முதலைகள் வாழும் கழி அது.

கழி முடியுமிடத்தில் மூங்கிலும் மரமும் கொண்டு கட்டிய சிறு துறை. அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. முதலில் உயர்ந்த மரங்களின் நிழல். பிறகு சட்டென்று வெட்டவெளி, நெல்வயல், வரப்பு, நாலைந்து வீடுகள். எலுமிச்சைச் சாறும் வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டு பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். திரும்பும்போது குடிப்பது நல்லது. போகும்போது தாகம் தெரியாது. மழைக்காலத்தில் இப்பாதை வழுக்கும், அட்டைகளும் உண்டு. செருப்பைவிடக் கட்டிய காலணியே ஏற்றது. வயலைத் தாண்டி மீண்டும் காடு; அதில் கல்லைக் கவ்விப் பிடித்த வேர்கள்; அவற்றினிடையே குகையின் வாய்.

குகையின் முற்பகுதியில் மேலே இடுக்கு வழியே வானம் தெரிகிறது. உள்ளே செல்லச் செல்லச் சுவர்கள் நெருங்குகின்றன. இறுதியில் வழிகாட்டியின் டார்ச்சு விளக்கே துணை. அவர் ஒளியை ஒவ்வோரிடமாகப் பாய்ச்சி, இது தாமரை, இது யானைத் துதிக்கை, இது பிள்ளையார் என்று காட்டிக்கொண்டே வருகிறார். கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல் தன் உண்மைக் கதையைச் சொன்னால் பிள்ளையார் கதைக்கு அது குறைந்ததாகாது.

கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள், பவழங்கள், கிளிஞ்சல்கள் ஆகியவற்றின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகியதே இந்தக் கல். அந்தமானுக்கு அடியில் இந்திய நிலத்தட்டு பர்மாத் தட்டின் கீழே புகுந்துகொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் கடலடி மேலெழுந்து தீவாயிற்று. இது பழங்கதை மட்டுமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதிப் பூகம்பத்தில் வட அந்தமானின் மேற்குக் கரைகள் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்து பவழப் பாறைகள் வெளியே தெரிந்தன. தலைநகர்ப் பக்கமோ ஏறக்குறைய அதே அளவு தாழ்ந்து வயல்களில் கடல்நீர் புகுந்தது. பாராடாங்கிலேயே உள்ள சேற்று எரிமலைகள் அதன் பின் 2005-இல் சீறிச் சேற்றைக் கக்கின.

மேலெழுந்த கல்மீது மழை பெய்கிறது. மழைநீர் காற்றிலும், அதைவிட மிகுதியாகக் காட்டு மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் இடுக்குகளில் இறங்கிச் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு குகைக் கூரையில் துளியாக நிற்கிறது. அங்கே வாயு விலகிப்போக, கரைந்திருந்த சுண்ணத்தில் ஓர் அணுவளவு கூரையிலேயே ஒட்டிக்கொள்கிறது. துளி கீழே விழுந்த இடத்தில் இன்னோர் அணு. மேலிருந்து இறங்குவது ஆலம் விழுதுபோல் நீள்கிறது. கீழிருந்து எழுவது முளைபோல் வளர்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டால் தூண்.

வளரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1010-இல் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான். அன்று தொடங்கிய ஒரு கல் விழுது அந்தக் கணக்கில் இன்று ஒரு கைப்பிடி அகலமே நீண்டிருக்கும். அதை ஒடிக்க ஒரு நொடி போதும். ஒடிக்கவும் வேண்டாம், தொட்டாலே கையின் எண்ணெய்ப் பசை படிந்து, நீர் முன்போல் ஒட்டாமல் போய், வளர்ச்சி நின்றுவிடலாம். குகைச் சுவரில் ஆள் எட்டும் உயரம் வரை கறுத்திருப்பதையும், அதற்கு மேலே கல் வெண்மையாகவும் ஈரமாகவும் மின்னுவதையும் நாங்கள் கண்டோம். எவரும் சொல்லாமலே அந்தக் கோடு விளங்கிற்று. கோயில் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் வழக்கம். வழிகாட்டி ‘பிள்ளையார்’ என்றவுடன் எங்கள் குழுவிலேயே ஒரு மூதாட்டியின் கை உயர்ந்தது. “அம்மா, அவர் இன்னும் வளருகிற பிள்ளை, தொடாமல் கும்பிடுங்கள்” என்று உடன் வந்தவர் ஒருவர் சொன்னார். அம்மையார் சிரித்துக்கொண்டே கையைக் கூப்பினார்.

அந்தமான் குகைகளில் வளர்வது கல் மட்டுமன்று. தன் எச்சிலாலேயே வெண்ணிறக் கூடு கட்டும் உழவாரக் குருவி ஒன்று இத்தீவுகளின் குகைகளில் வாழ்கிறது. இருளில் ‘டிக், டிக்’ என்று ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு வழியறியும் பறவை. அக்கூட்டைச் சீன உணவில் சூப்பாகச் சமைப்பதால் விலை மிகுதி. திருட்டும் மிகுந்து பறவை அருகிவிட்டது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் நிலையத்தின் அறிஞர் ரவி சங்கரன், வன இலாகாவுடன் சேர்ந்து, கூடு திருடிப் பழகியவர்களையே குகைக் காவலராக வேலைக்கு அமர்த்தும் திட்டத்தை வட அந்தமானில் நடத்தினார். எந்தக் குகை, எந்த இடுக்கு, எந்த மாதம் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? 2009-இல் ரவி சங்கரன் காலமானார். கோவைக்காரர்கள் பெருமையோடு நினைவுகூரத் தக்கவர்.

செல்ல விரும்பும் நேயர்களுக்குச் சில செய்திகள். டிசம்பர் முதல் மார்ச் வரை பாதை உலர்ந்திருக்கும். குகைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு; முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அடையாளச் சான்று இல்லாமல் அனுமதிச் சீட்டு கிடைக்காது. பிளாஸ்டிக் பையும் தின்பண்டமும் துறையிலேயே நிற்கட்டும். பிற்பகலில் படகுகள் சீக்கிரமே நின்றுவிடும். ஆகவே காலைப் படகையே பிடியுங்கள். குகையை விட்டு வெளியே வந்ததும், அந்த வயலோரத்தில் எலுமிச்சைச் சாறு காத்திருக்கும்.