தொடக்கப்பள்ளியும் நமது பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், ஆளுக்குப் பத்துச் சிறார்க்குக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாற்றை நாம் அடிக்கடி எடுத்துரைக்கின்றோம். ஆயினும் நம் பிள்ளைகள் பயிலும் தொடக்கப்பள்ளியின் வாயிலை மிதித்தோர் நம்மில் எத்தனை பேர்?

செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரை ஊர்களிலும் தலைமை ஆசிரியர்கள் சிலரைக் கண்டு உரையாடினோம். 2001இல் மத்திய அரசு தொடங்கிய அனைவருக்கும் கல்வித் திட்டத்தையோ, 2018இல் அதனை உள்ளடக்கி வந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தையோ அவர்கள் குறை கூறவில்லை. வகுப்பறைகளும் கழிப்பறைகளும் வந்தன என்றனர். ஆனால் 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்குச் சட்டம் வகுத்திருப்பது 2 ஆசிரியர்களே. ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் மற்றவரே 5 வகுப்புகளையும் கவனித்தாக வேண்டும்; பதிவேடுகள் வேறு. ஓர் அம்மையார், "பணம் வருகிறது, படிவம் வருகிறது, தகப்பன்மார்தாம் வருவதில்லை" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அக்குழுவின் கடமை. நம் தாய்மார்களோ கையொப்பமிட்டுத் திரும்புகின்றனர்.

2022இல் தமிழகத்தில் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பட்ட பின், கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே கூட்டப்பட்டுள்ளன. ஜும்ஆவுக்காகக் கடையடைத்து வந்தவர்களுக்கு இதனினும் வசதியான நாள் ஏது? கூட்ட நாளை நமக்கு முன்னரே தெரிவிக்குமாறு தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டுள்ளோம். அன்று பயானைச் சுருக்கிக்கொள்வோம். சிலருக்கு அதுவே மகிழ்ச்சி தரலாம்!