களரியும் கல்லூரியும்



கலையைக் கல்லூரி வகுப்பில் கற்பிக்க முடியுமா என்ற வினாவே ஹேவாஹெட்ட நகரில் கூடியிருக்கும் இந்த அவையின் இன்றைய பொருள். பிறவியோடு வரவேண்டியதைப் பாடத்திட்டம் தர இயலாது என்போரும், தக்க ஆசிரியர் வாய்த்தால் எதையும் பழக்கிவிடலாம் என்போரும் நெடுங்காலமாக எதிரெதிர் நின்று வாதிட்டு வருகின்றனர். ஆயினும், கண்டிச் சீமையின் கலை வரலாற்றை ஊன்றிப் பார்ப்போர்க்கு, இந்த மண்ணில் கலை எக்காலத்திலும் கற்பிக்கப்பட்டே வந்திருக்கிறது என்பதும், யார், எந்த இடத்தில், எந்தத் தேவைக்காகக் கற்பித்தார் என்பதிலேயே வேறுபாடு அடங்கியிருக்கிறது என்பதும் தெளிவாகும்.

கண்டி அரசர் காலத்தில் விகாரைச் சுவர்களில் ஓவியம் தீட்டிய பரம்பரையினர் சித்தரர் எனப்பட்டனர். இவர்களைப் போன்ற கலைஞர்கள் பலர், இராஜகாரியம் எனப்பட்ட அரச சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தவர்கள். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், இவர்களின் பயிற்சி முறையையும் எடுத்துரைக்கிறது. மாணாக்கன் முதலில் பழகியது 'வக தெக', அதாவது ஒன்றோடொன்று இணையும் இரு வளைவுகள். அவை கைக்கு வசப்பட்ட பின்னரே கொடியும் பூவும் விலங்கும் மனித உருவும் அவனுக்குக் காட்டப்பட்டன. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தைச் சேர்ந்த தெகல்தொருவ குகை விகாரையின் சுவரோவியங்களில் தயக்கமின்றி ஓடும் கோடுகளைக் காண்போர், அந்த உறுதி பிறவியில் மட்டும் வந்தது என்று எளிதில் சொல்லிவிட மாட்டார்கள்.

இதற்கு மறுப்பாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுபவர் 1901 இல் கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற். திரித்துவக் கல்லூரியில் பயின்ற அவர், ஓவியத்துக்கென எந்தக் கலைக் கல்லூரிக்கும் போகாமலே பொரளை கோதமி விகாரையின் சுவரோவியங்களைத் தீட்டினார் என்பது உண்மை. ஆனால், 1943 இல் தோன்றிய ஓவியர் அமைப்பான '43 குழு'வில் அவரோடு சேர்ந்து நின்றவர்களில், லண்டன் அரச கலைக் கல்லூரியில் முறையாகப் பயின்ற ஹரி பீரிசும், சாந்திநிகேதனுக்குச் சென்று வந்த மஞ்சுசிறியும் இருந்தனர். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்து, விவாதித்து, சேர்ந்து காட்சிக்கு வைத்த அந்தக் கூட்டுறவு, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கல்லூரியாகவே இருந்தது எனலாம்.

இந்த வினாவுக்கு மிகத் தெளிவான விடை, இங்கிருந்து தொலைவில் இல்லாத பேராதனையில் கிடைக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர, 1956 இல் 'மனமே' நாடகத்தை உருவாக்கியபோது, நூலகத்தில் இருந்த ஏடுகளோடு நின்றுவிடாமல், அம்பலாங்கொடையின் நாடகம மரபில் வந்த சார்ள்ஸ் சில்வா குருன்னான்சேயை நாடி அம்மரபின் இசையைப் பெற்றார். நாடகம என்பது தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடைய சிங்கள ஆடல்பாடல் அரங்கு. தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, மட்டக்களப்பின் அண்ணாவியாரே அவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். அண்ணாவியார் என்பவர் கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் ஆசான்; ஊரில் அவரிடம் பயில்வோர், பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டங்கொடுத்தலில் தொடங்கி, தாளக்கட்டுகளை மாதக்கணக்கில் பழகி, சதங்கை கட்டி, பின்னரே அரங்கேறுவர். பட்டம் பெறாத அந்த ஆசான் சொல்லச் சொல்லப் பட்டப்படிப்பு மாணவர் கால் எடுத்து வைத்த அந்த நாட்களே, ஈழத்துத் தமிழ்க் கலைக்கல்வியின் உயர்ந்த வகுப்பறை எனத் துணிந்து கூறலாம். அதே வரிசையில் வந்த 'இராவணேசன்' கூத்தில் மாணவராக இருந்து இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி அந்தப் பயிற்சியைத் தம் மாணவருக்குக் கையளித்தார்.

கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த அந்த முயற்சியில் இழப்பும் இருந்தது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து சிறுபொழுது நாடகமாகச் சுருங்கியது. மக்கள் சுற்றிலும் அமர்ந்து பார்க்கும் வட்டக்களரி, ஒருபக்கம் மட்டும் திறந்த மேடையாக மாறியது. ஆடுவோனை அருகிலிருந்து திருத்தவும் பாராட்டவும் ஊருக்கு இருந்த உரிமை, விளக்கணைந்த மண்டபத்தில் இல்லாது போனது. பல்கலைக்கழகம் ஆட்டத்தையும் தாளத்தையும் பெற்றுக்கொண்டது. அவற்றை ஆண்டுதோறும் கேட்டு நின்ற ஊரை அதனால் கூட்டி வர முடியவில்லை. கலைக்கூட வகுப்பு, அதாவது மாணவர் செய்து பார்க்க ஆசிரியர் அருகிலிருந்து திருத்தும் வகுப்பு, கையின் பழக்கத்தையும், பார்வையின் கூர்மையையும், கண்டனத்தைத் தாங்கும் உரத்தையும் தர வல்லது. எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற தவிப்பு மட்டும் மாணவர் பிறந்த மண்ணிலிருந்து வரவேண்டியது. அதை வாசலில் விட்டுவிட்டு வரும்படி செய்யும் கல்லூரி, தான் கற்பிக்கக்கூடியதையும் வீணாக்கிவிடுகிறது.

மலையகத்தில் இந்த வீணடிப்பு கண்முன்னே நிகழ்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இந்தப் பகுதிக்கு உரியது. தமிழகத்திலிருந்து இத்தகைய தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், தம்மோடு காமன் கூத்தையும் கொண்டுவந்தனர். மாசி மாதத்தில் தப்பு முழங்க, காமனும் ரதியும் ஆடி, சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதைக் காட்டும் அந்தக் கூத்தில், பாட்டும் ஒப்பனையும் ஆட்டமும் கதைசொல்லலும் ஒருங்கே அமைந்துள்ளன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் சிறுவர் அதைப் பார்த்தே வளர்கின்றனர். ஆனால் பாடசாலையில் 'நாடகமும் அரங்கியலும்' பாடத்துக்கோ சித்திரப் பாடத்துக்கோ அமரும்போது, தாம் கண்டு வளர்ந்தது கலை என்று ஒருவரும் சொல்லக் கேளாமலே அவர்களில் பலர் பரீட்சையை முடித்துவிடுகின்றனர்.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. வருகிற மாசியில் ஹேவாஹெட்டயைச் சுற்றியுள்ள பாடசாலைகள், தம் தோட்டத்துக் கூத்து வாத்தியாரையும் தப்புக் கலைஞரையும் விருந்தினராக மாலையிட்டு அனுப்பிவிடாமல், ஊதியம் பெறும் ஆசிரியராக அழைக்க வேண்டும். பேராதனையும், மலையக ஆசிரியரை உருவாக்கும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும், அவர்களுக்குப் பயிற்சிக்கூடத்தில் இடமும் மதிப்பெண் வழங்கும் உரிமையும் அளிக்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோர், அந்த வகுப்பைப் படிப்புக்கு இடையூறு என்று தடுக்காமல் அனுப்பிவைக்க வேண்டும்.