வாடகைக்கு வருபவரிடம் தாலியைக் கேட்கலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாடகைதாரர் படிவத்தோடு திருமணச் சான்றையும் வாங்க வேண்டும் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ரிஷிவந்தியம் சின்ன ஊர், நாலு பேர் பேசுவார்கள் என்ற கவலை புரிகிறது. ஆனால் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

திருமணமாகாத மேஜர்கள் இருவர் ஒரே வீட்டில் வசிப்பது குற்றமல்ல. குஷ்பு வழக்கில் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்கு, திருமணமாகாத ஜோடி தங்கியதையும் ஒரு காரணமாகக் காட்டி சீல் வைத்தார்கள். 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திறக்கச் சொன்னது.

குற்றமல்ல என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு. இங்கேதான் குழப்பம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், 'திருமணம் போன்ற உறவில்' இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து அவரை நினைத்தபடி வெளியே தள்ள முடியாது. எது அந்த உறவு? கோவைக் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஜீவனாம்ச வழக்கு ஒன்றில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. இருவரும் திருமண வயதை எட்டி, மணம் செய்யத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும். ஊரார் பார்வையில் தம்பதிபோல், கணிசமான காலம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் வந்து போவதெல்லாம் சேராது.

வாரிசுரிமை மட்டும் கிடையாது. நாமினி போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான். உயில் வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்துவிடுவது நல்லது. ஒருவருக்கொருவர் துணையாக ஒரே வீட்டில் இருக்கும் வயதான தோழிகளுக்கும் இதையே சொல்வேன். அவர்களிடம் யாரும் சான்று கேட்பதில்லை, கவனித்தீர்களா?

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. 25 வயதுப் பெண்ணை அவர் துணைவியிடமிருந்து பிரித்துப் பெற்றோர் வீட்டில் வைத்திருந்தார்கள். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விருப்பப்படி போக அனுமதித்தது. திருமணம்தான் குடும்பம் அமைக்க ஒரே வழி என்பதில்லை என்றும் சொன்னது.

ஆகவே அந்த வரியைப் படிவத்திலிருந்து நீக்கலாம் என்பது என் கருத்து. ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், அவசரத்துக்கு அழைக்க ஒரு எண் போதும். அந்த எண் யாருடையது என்பதைக் குடியிருப்பவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், பிறகு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடலாம்.